திரும்பக் கற்றல்

நுழையும்முன்

வெயில் மிகுந்த கடற்கரை ஊரில் பிறந்த ஒருவர், துருவ வட்டத்துக்கு அப்பால் உள்ள மலையொன்றில் பனிச்சறுக்கு பழகச் சென்றார். தொடக்கநிலையைக் கடந்தவர்; முதிர்நிலையை எட்டாதவர். ஓரளவு கற்றுவிட்டோம் என்னும் நிலையில் மனிதருக்கு வரும் துணிவையும் தடுமாற்றத்தையும் அப்பயணம் அவருக்கு உணர்த்தியது. எக்கலையிலும் இடைநிலையில் நிற்கும் எவருக்கும் அவருடைய பட்டறிவு பயன்படும்.

மேட்டிலிருந்து இறங்கும் சாலை

புதுச்சேரி நகரின் வடபுறத்தில் அமைந்திருப்பது கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமிகளின் நினைவுக்கோயிலும் அதனையடுத்த குயில்தோப்பும் அவ்வூரின் அடையாளங்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், குயில் பாட்டைப் படைப்பதற்குக் களமாக அமைந்தது இத்தோப்பே என்பர். ஊருக்கு மேற்கே லாஸ்பேட்டை மேடு. கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல். மேட்டிலிருந்து கடலை நோக்கி நிலம் மெல்லச் சரிகிறது. அச்சரிவில் மிதிவண்டியை மிதிக்காமலே நெடுந்தொலைவு செல்லலாம் என்பது அவ்வூர்ச் சிறுவர் அனைவரும் அறிந்த இன்பம்.

அச்சாலையில்தான் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மிதிவண்டி பழகினாள். பழக்கியவர் அவளுடைய தந்தையார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரி மக்கள் 'சொல்தா' என்று அழைப்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்தவர்களுள் ஒருவர் அவர். பல நாடுகளில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி, ஓய்வூதியத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்.

முதல் நாளே சரிவில் பாய்ந்து செல்ல விரும்பிய மகளிடம் அவர், "ஓட்டுறது அப்புறம்மா. மொதல்ல நிறுத்தக் கத்துக்க" என்றார். அன்று மாலை முழுவதும் அவள் மிதிவண்டியை நிறுத்த மட்டுமே பழகினாள். அந்த அறிவுரையின் பொருள், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள ஒரு பனிமலையில்தான் அவருக்கு முழுமையாக விளங்கிற்று.

இடைநிலை என்னும் படி

திருமணத்திற்குப் பின் அவர் பிரான்சில் குடியேறிப் பாரிசின் புறநகர் ஒன்றில் செவிலியரானார். பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துச் சென்று, பாடத்தோடு பனிச்சறுக்கும் பழக்குவதுண்டு. அவ்வாறு சென்று வந்த மகன், விழுந்து எழுந்த கதைகளை வீட்டில் ஓயாது சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் தாய்க்கும் ஆவல் பிறந்தது. மார்கழியிலும் கடுங்குளிர் அறியாத ஊரில் வளர்ந்தவர், நாற்பத்து மூன்றாம் வயதில் ஆல்ப்ஸ் மலையில் முதன்முதலாகச் சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டார்.

பனிச்சறுக்கில் தொடக்கநிலையாளர் முதலில் கற்பது கலப்பை நிலை. இரு பலகைகளின் முனைகளையும் நெருக்கிப் பின்புறங்களை அகற்றினால் அவை ஆப்புப்போல் அமையும். உள்விளிம்புகள் பனியைக் கீறும்; வேகம் குறையும். சரிவு மென்மையாக இருக்கும்வரை இந்நிலை எவரையும் காக்கும். அடுத்த நிலை இணைநிலை. இரு பலகைகளும் இணையாக நிற்க, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றி, வளைந்து வளைந்து இறங்குவது. கலப்பை நிலையை விட்டு இணைநிலைக்கு வரும் இடைவெளியில் நிற்பவரையே இடைநிலையாளர் என்கின்றனர்.

அந்த இடைவெளி எளிதில் கடக்கக் கூடியதன்று. தொடக்கநிலையாளருக்கு அச்சமே காவல். முதிர்ந்தவருக்குத் தேர்ச்சியே காவல். இடைநிலையாளரிடம் அச்சம் குறைந்துவிடுகிறது. தேர்ச்சி இன்னும் நிறையவில்லை. பத்து முறை விழாமல் இறங்கியவர், பதினோராவது முறையும் விழமாட்டோம் என்று நம்பத் தொடங்குகிறார். இரண்டு குளிர்காலங்கள் ஆல்ப்சில் பழகிய அவரும் அந்நிலையில்தான் இருந்தார். ஒரு முறை இடறி விழுந்தபோது, வேகமாகக் கடந்து சென்ற சிறுவர் கூட்டத்தில் தன் மகனும் நின்று பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை. விழுந்த வலியைக் காட்டிலும் அந்தப் பார்வை வலித்தது.

மூன்றாம் ஆண்டில் வடக்கே செல்ல முடிவாயிற்று. ஆல்ப்சின் தாழ்ந்த சரிவுகளில் ஏப்ரலில் பனி உருகிவிடும். ஸ்காண்டிநேவியாவின் வடபகுதியிலோ அப்போதுதான் பகல் நீண்டு, பருவம் உச்சம் பெறும். சுவீடனின் ரிக்ஸ்கிரென்சனில் கோடைத் தொடக்கத்திலும் சறுக்குவோர் உண்டு. கூட்டமும் குறைவு; அகன்ற சரிவுகளும் மிகுதி. பழகுவோருக்கு இவை இரண்டும் நல்லவை. பதினேழு வயது மகனும் உடன்வர இசைந்தான்.

துருவ வட்டத்துக்கு அப்பால்

ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி இரவெல்லாம் வடக்கு நோக்கி ஓடியது. ஊசியிலைக் காடுகள் மெல்லக் குட்டையாயின. துருவ வட்டத்தைக் கடந்து, இரும்புத்தாதுச் சுரங்கத்தால் எழுந்த கிரூனா நகரைத் தாண்டியதும், உறைந்து கிடந்த தோர்னத்ரேஸ்க் ஏரி வெண்ணிற வயல்போல் நெடுநேரம் உடன்வந்தது. பிறகு எல்லை கடந்து, மலைவிளிம்பில் குகைகள் வழியே இறங்கி, நார்வேயின் நார்விக் துறைமுகத்தை வண்டி அடைந்தது. சுரங்கத்தின் தாதுவைக் கடலுக்குக் கொண்டுசெல்ல 1903இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை அது. அறுபத்தெட்டாம் அகலாங்குக்கும் வடக்கே இருந்தாலும், அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டத்தால் அத்துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை.

நார்விக் என்னும் பெயரை அவர் சிறுவயதிலேயே கேட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில், 1940 மே 28 அன்று நார்வே, பிரான்சு, போலந்து நாட்டுப் படைகள் ஒன்றுசேர்ந்து அந்நகரைச் செருமானியரிடமிருந்து மீட்டன. ஆயினும் பிரான்சு வீழும் நிலை ஏற்பட்டதால் சில நாள்களிலேயே நேசப் படைகள் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. படைமுகாமில் கேட்ட அந்த வரலாற்றைத் தந்தையார் திண்ணையில் அமர்ந்து கூறியதுண்டு. வென்ற இடத்தைவிட்டுத் திரும்பியவர்கள் கதையாகவே அது அவர் நினைவில் தங்கியிருந்தது.

நார்விக் மலை நகரை ஒட்டியே எழுகிறது. மேலே ஏற்றிச்செல்லும் இழுவைகள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம்வரை செல்கின்றன. உச்சியில் நின்று நோக்கினால் காலடியில் வெண்பனி, அதன்கீழ் வீடுகள், அதற்கும் கீழே ஒபோத் கடற்கழியின் கருநீல நீர். சறுக்குத் தடங்களுக்கு நிறங்கள் உண்டு. பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். இடைநிலையாளரின் வாழ்வு நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே கழிகிறது.

பனிச்சறுக்கை விளையாட்டாக மட்டுமே அறிந்திருந்த அவருக்கு, அது அந்நிலத்தின் பழந்தொழில் என்பது அங்கேதான் தெரிந்தது. வட சுவீடனின் கல்வ்த்ரேஸ்க் சதுப்பில் 1924இல் கண்டெடுக்கப்பட்ட மரப்பலகை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நார்வேயின் ஆல்தா பாறைச் செதுக்கல்களிலும் சறுக்குப் பலகையோடு நிற்கும் மனித உருவங்கள் உள்ளன. 'ஸ்கி' என்னும் சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்பதே பழைய பொருள். கலைமான் மேய்க்கும் சாமி என்னும் தொல்குடியினர், பனியின் நிலைகளைக் குறிக்க நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை வைத்திருக்கின்றனர். அதிகாலையில் வீழும் ஈரத்தையும் பனி என்று சொல்லி, முன்பனி, பின்பனி எனப் பொழுது வகுத்தது தமிழ். அந்தந்த நிலத்தார் எதனோடு வாழ்கிறார்களோ அதற்கே சொற்களைப் பெருக்குகிறார்கள்.

ஒரு சொல், இரு பொருள்

அவர்களுக்குப் பழக்க வந்தவர் தமிழ்ப்பெண். நார்வேயில் பிறந்து வளர்ந்தவர். விடுமுறை நாள்களில் பனிச்சறுக்குப் பயிற்றுநராகப் பணியாற்றுபவர். வடகோடி நாட்டில் தமிழ் கேட்டது வியப்பாக இருந்தாலும், அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே சென்ற அந்தோனி இராஜேந்திரம் அந்நாட்டுத் தமிழருள் முன்னோடி. பின்னாளில் தாயகத்தில் 'சீநோர்' என்னும் மீன்பிடி நிறுவனம் உருவாகக் காரணமானவரும் அவரே. இலங்கையில் போர் மூண்ட 1980களில் பலர் அந்நாட்டை நாடினர். வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகள் அவர்களுக்கு வேலை தந்தன. பயிற்றுநரின் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே.

"அம்மா முதன்முதல் பனியில விழுந்தது மீன் ஆலைக்கு வேலைக்குப் போகேக்கையாம். சறுக்கி விளையாட இல்லை, அக்கா. நடக்கவே தெரியாமல்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்புக்குப் பின்னே, சூரியன் எழாத குளிர்கால வாரங்களும், உப்பும் குளிரும் வெடிக்கச் செய்த விரல்களும் இருந்தன என்பதைச் செவிலியரான அவர் உணர்ந்துகொண்டார். ஒரு தலைமுறை விழுந்து நடந்த பனியில் அடுத்த தலைமுறை பறவைபோல் இறங்குகிறது.

முதல் பாடம் சாய்வைப் பற்றியது. சரிவில் நிற்கும் எவரும் தம்மையறியாமல் மலைப்பக்கம் சாய்வர். பின்னால் சாய்ந்தால் காப்பு என உடல் நம்புகிறது. ஆனால், பின்னால் சாயும்போது பலகைகளின் முன்பகுதி பிடிப்பை இழக்கிறது. திரும்பும் ஆற்றல் போய்விடுகிறது. பள்ளத்தை நோக்கி மார்பைத் தந்தால்தான் பலகை சொன்னதைக் கேட்கும். "மலையைப் பாக்காதேங்கோ, அக்கா. விழப்போற இடத்தையும் பாக்காதேங்கோ. போகவேண்டிய இடத்தைப் பாருங்கோ" என்றார் பயிற்றுநர்.

இரண்டாம் பாடம் திரும்புதல். நேராக இறங்கினால் புவியீர்ப்பு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். குறுக்கே திரும்பினால் வேகம் தணியும். ஆகவே, பனிச்சறுக்கு என்பதே அடுத்தடுத்துத் திரும்பும் கலை. வலப்புறம் திரும்ப இடக்காலில் எடையை ஏற்ற வேண்டும்; இடப்புறம் திரும்ப வலக்காலில். அந்தக் கணத்தில் பலகைகள் சற்று நேரம் பள்ளத்தை நேராக நோக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் இடையில் அஞ்சி நிற்பவரே விழுகின்றனர். பயிற்றுநர் முன்னே சென்று, "இப்ப திரும்புங்கோ... இப்ப திரும்புங்கோ..." எனக் குரல் கொடுக்க, தாயும் மகனும் அக்குரலுக்கு ஏற்ப வளைந்து இறங்கினர். பிரான்சில் வளர்ந்த மகனுக்குத் தமிழ்ச் சொற்கள் குறைவு. 'திரும்பு' என்னும் சொல் அவனுக்கு அந்த மூன்று நாள்களில் காலின் சொல்லாகவே ஆகிவிட்டது.

மூன்றாம் பாடம் நெறி பற்றியது. சறுக்குத் தடத்தில் முன்னே செல்பவருக்கே முன்னுரிமை. அவர் பின்னால் பார்க்க முடியாது. எனவே, பின்னால் வருபவரே மோதாமல் விலக வேண்டும். வேகம் உடையவர் வேகம் குறைந்தவருக்குப் பொறுப்பாவார் என்னும் அவ்விதி, சாலைகளுக்கும் பொருந்தும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள்

நான்காம் நாள் காலை அவர் சிவப்புத் தடமொன்றில் ஒரு முறைகூட விழாமல் இறங்கினார். கீழே காத்திருந்த மகன் கைதட்டினான். மூன்று ஆண்டுகளாக அவர் மனத்தில் முள்ளாக இருந்த அந்தப் பழைய பார்வை அக்கணத்தில் உதிர்ந்தது. அதன்பின் எல்லாம் முடியும் என்று தோன்றியது.

பிற்பகலில் மூவரும் உச்சிக்குச் சென்றனர். அங்கிருந்து, சீரமைக்கப்படாத பின்புறச் சரிவை நோக்கிச் சில தடங்கள் சென்றன. யாரோ சென்றிருக்கிறார்கள் என்பதே மகனுக்குப் போதிய சான்றாக இருந்தது. "ஒரே ஒரு தடவை, அம்மா" என்றான். மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டும். தாயின் மனமும் அப்பக்கமே சாய்ந்தது. உண்மையில், மகனைவிட அவருக்கே விருப்பம் மிகுதி.

பயிற்றுநர் மேற்கே நோக்கினார். கடலின்மீது இருந்த வெண்திரை, சிறிது நேரத்திற்கு முன் இருந்த இடத்தில் இல்லை. காற்றும் திசை மாறியிருந்தது. "திரும்புவம்" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

தாய் தயங்கினார். வானம் இன்னும் பாதி நீலமாகத்தான் இருந்தது. இத்தனை தொலைவு வந்து, இவ்வளவு பொருள் செலவிட்டு, இன்று காலைதான் தன்மீது நம்பிக்கை பெற்று, இப்போது திரும்புவதா என்னும் எண்ணம் எழுந்தது. அந்தத் தயக்கத்தின்போதே மகன் புறப்பட்டுவிட்டான்.

அவன் முப்பது மீட்டர் சென்றிருப்பான். வெண்திரை மலையைத் தொட்டது. பனியும் வானும் ஒரே நிறமாயின, நிழல்கள் மறைந்தன. மேடு எது, பள்ளம் எது என்பதைக் கண்ணால் அறிய முடியவில்லை. மரங்கள் வளராத உயரமாதலால், தொலைவை அளக்கவும் பொருள் எதுவும் இல்லை. மகனின் சிவப்புச் சட்டை மட்டும் வெளியில் மிதப்பதுபோல் தெரிந்தது.

"திரும்பு!" என்று தாய் கூவினார்.

மகன் திரும்பினான். எடையை வலக்காலுக்கு மாற்றி, மூன்று நாள்கள் பழகியவாறே அழகாக இடப்புறம் வளைந்து, மேலும் கீழே சென்றான்.

அக்கணத்தின் அச்சத்தை அவர் பின்னர் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. அவன் கீழ்ப்படிந்தான், ஆயினும், அகன்று சென்றான். ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கிடையே மகன் போய்க்கொண்டிருந்தான். அடுத்த நொடி அவர், "நில்லு! அங்கேயே நில்லு!" என்று அலறினார். சிவப்பு நிறம் நின்றது.

நிறுத்தக் கற்றிருந்தான் என்பதே அப்போது பெரும்பேறு. கீழே எத்துணைச் சரிவு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் பனிப்பாளங்கள் பெரும்பாலும் பெயர்ந்து விழுகின்றன. அத்தகைய இடம் அருகில் இருக்கக்கூடும் என்பதைப் பயிற்றுநர் அறிவார். எனவே, எவரும் இறங்கவில்லை. அவர் குரலால் வழிகாட்டினார். மகன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, படியேறுவதுபோல் பக்கவாட்டில் ஓரடி ஓரடியாக ஏறினான். "இன்னும் ஒண்டு, தம்பி... இன்னும் ஒண்டு..." என்று அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். சில நொடிகளில் இறங்கிய தொலைவை ஏறக் கால்மணி நேரம் ஆயிற்று. அருகில் வந்தபோது அவன் முகத்தில் வியர்வை உறைந்திருந்தது. தாயும் ஒன்றும் பேசவில்லை, மகனும் பேசவில்லை.

இறங்கும்போது தாயின் கால்கள் நடுங்கின. காலையில் கைவந்த இணைநிலை இப்போது கைகொடுக்கவில்லை. அவர் வெட்கப்படாமல் கலப்பை நிலைக்குத் திரும்பினார். முதல் நாள் கற்றதைக் கொண்டு, தட ஓரத்தில் நடப்பட்ட கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, மெதுவாக இறங்கினார். அவருக்கு முன்னால் பயிற்றுநர்; பின்னால் மகன். அவன் தாயை முந்தவில்லை.

சான்று இல்லாத அறிவு

மாலையில் வானம் தெளிந்தது. மலையுச்சியில் பொன்னிற ஒளி பரவியது. சிலர் மீண்டும் மேலே சென்று சறுக்கி வந்தனர். சாளரத்தின் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், "நாம் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றார் தாய்.

அதுவே நேர்மையான விடை. திரும்பாமல் சென்று இடருற்றவர்களின் பிழை உலகுக்குத் தெரிகிறது. உரிய நேரத்தில் திரும்பியவர்களின் அறிவுக்கோ சான்றே கிடைப்பதில்லை. ஒன்றும் நடவாமையே அதன் பயன். நடவாத ஒன்றை எவரும் காண முடியாது. எவரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆகவே, திரும்புவதற்குத் தனியொரு துணிவு வேண்டும்.

இதனை நார்வே மக்கள் விலை கொடுத்துக் கற்றிருக்கின்றனர். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் உயிரிழந்தனர். அதன்பின் மலைநெறி விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. அங்குப் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை அறிவர். காலத்தில் திரும்புங்கள்; திரும்புவதில் இழுக்கு ஏதுமில்லை என்பது அவற்றுள் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் விதி. தானும் அதைச் சிறுவயதில் பள்ளியில் கற்றதாகப் பயிற்றுநர் கூறினார். பிற்பகலில் அவர் விளக்கம் தராமல் "திரும்புவம்" என்றதன் காரணம் அப்போது விளங்கிற்று.

அந்நாட்டின் பெருமைக்குரிய ஆய்வுப் பயணி ரோல்ட் அமுண்ட்சென். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த அதே காலத்தில், 1911 செப்டம்பர் 8 அன்று, அவர் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். பருவம் கனியுமுன்னரே கிளம்பிய அப்பயணத்தில் குளிர் சுழியத்திற்குக் கீழே ஐம்பது பாகையைத் தாண்டியது. நாய்கள் துவண்டன, ஆள்களின் பாதங்கள் உறைந்தன. அவர் முகாமுக்குத் திரும்பினார். அக்டோபரில் நால்வரை உடனழைத்து மீண்டும் புறப்பட்டார். சறுக்குப் பலகைகளும் நாய்வண்டிகளும் துணைநிற்க, டிசம்பர் 14 அன்று மனிதரின் காலடி முதன்முதலாகத் தென்துருவத்தில் பதிந்தது. ஐவரும் உயிரோடு மீண்டனர். முதலில் சென்று சேர்ந்தவர், முதலில் திரும்பத் தெரிந்தவராகவும் இருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் கருவடிக்குப்பத்திற்குத் தொலைபேசினார். அங்கே இரவு ஒன்பதரை. எண்பது வயதைத் தொட்ட தந்தையார் உறங்காமல் காத்திருந்தார். மலையில் நடந்ததை மகள் சொல்லவில்லை. அவரும் பனியைப் பற்றிக் கேட்கவில்லை. சிறுவயதில் மேட்டுச் சாலையிலிருந்து மிதிவண்டியில் மகள் வரும்போதெல்லாம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்: "எல்லாரும் திரும்பிட்டீங்களாம்மா?"

மகள் விடை சொல்லுமுன் பேரன் கைபேசியை வாங்கினான். "திரும்பிட்டோம், தாத்தா" என்றான். அச்சொல்லின் மற்றொரு பொருளை அவன் அன்று கற்றிருந்தான்.

மறுநாள் வண்டி புறப்பட இரண்டு மணி நேரம் இருந்தது. தாயும் மகனும் மீண்டும் மலைக்குச் சென்றனர். சிவப்புத் தடத்திற்குப் போகவில்லை. இழுவையில் பாதி உயரம் ஏறி, நீலத் தடத்தின் தொடக்கத்தில் நின்றனர். இரவில் இறுகிய பனி காலை வெயிலில் மெல்ல நெகிழத் தொடங்கியிருந்தது. கீழே கடல் அசையாமல் கிடந்தது. முதலில் தாய் புறப்பட்டார். முதல் வளைவு தடுமாறியது, இரண்டாவது பொருந்தியது. மகன் இடைவெளி விட்டு, அவருக்குப் பின்னால் இறங்கினான்.